இரண்டு வால் பார்த்து எழுதிய பெயர்

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பதுளை ஓயாவில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஆற்றைப் பற்றி நான் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று உண்டு. அதில் ஒரு பூச்சியின் பெயரைப் பிழையாக எழுதினேன். எழுதும்போது அது பிழை என்று எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. முதலாவதை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு பெயர் கொடுக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பெயர் கல் ஈ. ஓடும் தண்ணீரில், கற்களுக்கு அடியில் வளரும் பூச்சி இது. 1839-இல் ஜெர்மானியரான புர்மைஸ்டர் இந்தக் கூட்டத்துக்குப் பிளிகோப்டெரா என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் 3,500-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. இளம்பூச்சி மாதக்கணக்காகத் தண்ணீருக்குள் இருந்து, பல தடவை தோல் உரித்து, கடைசியில் ஒரு கல்லின் மேல் ஏறி முதுகுத் தோலைப் பிளந்து இறக்கையோடு வெளியே வரும். உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகளை முதுகின் மேல் தட்டையாக மடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த, வேகமாக ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் பெரும்பாலான கல் ஈக்களால் பிழைக்க முடியாது. ஒரு ஆற்றின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தேடுவது இதனால்தான் இந்தப் பூச்சியை.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கல் ஈக்கள் பல குடும்பங்களாகப் பெருகிக் கிடக்கின்றன. நம் தீவில் அப்படியில்லை. இலங்கையிலிருந்து பதிவாகியிருப்பவை பெர்லிடே குடும்பத்தில் நியோபெர்லா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் இனங்கள் மிகச் சில. இந்தப் பேரினத்துக்கு 1905-இல் பெயர் வைத்தவர் அமெரிக்கரான நீதம். இலங்கையின் நியோபெர்லாக்களை 1980-இல் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தியவர் ஜெர்மனியின் பீட்டர் ஸ்விக். இவ்வளவும் அந்த அறிக்கையை எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் என்னைக் கெடுத்தது. இங்கே இருப்பது ஒரே பேரினம் என்றால், கல் ஈ என்று முடிவு செய்ததுமே நியோபெர்லா என்று எழுதிவிடலாமே என்று நினைத்தேன். எழுதினேன். அதோடும் நிற்காமல் பக்கத்தில் ஓர் இனப்பெயரையும் சேர்த்தேன். அந்த இனப்பெயரை இங்கே திரும்ப எழுத மாட்டேன். அந்தப் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் சேர்த்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். எங்கள் டிவிசனிலிருந்து உயர்தரத்தில் உயிரியல் படித்த பெண்கள் எனக்கு முன்னால் இருக்கவில்லை. லத்தீன் பெயர்களை எழுதும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்து, இரண்டாவதற்குச் சின்ன எழுத்து, இரண்டுக்கும் அடியில் கோடு. அந்தக் கோட்டை இழுக்கிற கை தோட்டத்துக் கை என்பதில் எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பெருமைக்காக ஒரு பூச்சியைப் பலி கொடுத்தேன். “பெர்லிடேயாக இருக்கலாம்” என்று எழுதியிருந்தால் அது நேர்மையான வரி. கேள்விக்குறியோடு ஒரு பெயரைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவள் என்றால் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று நம்பியிருந்தேன்.

பிழை நடந்த விதம் இது. குடிநீர்த் திட்டம் ஒன்றுக்காக எங்கள் ஆற்றின் பூச்சிகளைப் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். பிள்ளைகளோடு இறங்கினேன். கற்களைப் புரட்டி, கீழே வலையைப் பிடித்து, வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரித்தோம். என்னிடம் இருந்தது ஒரு கைலென்ஸும் இங்கிலாந்து ஆறுகளுக்காக வரைந்த ஒரு படத்தாளும். இரண்டு வால் இருந்தால் கல் ஈ, மூன்று வால் இருந்தால் மே ஈ என்று அந்தத் தாள் சொன்னது. தட்டில் சப்பையான, சுறுசுறுப்பான, இரண்டு வால் உள்ள இளம்பூச்சிகள் நிறையக் கிடந்தன. பிள்ளைகள், “டீச்சர், ரெண்டு வாலு!” என்று கத்தினார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

வாலை எண்ணிப் பெயர் வைப்பது எங்கள் மலை ஆறுகளில் ஆபத்தான பழக்கம். மே ஈக்களில் பேட்டிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. ஆசியாவின் வேகமான ஓடைகளில் வாழும் அதன் சில வகைகளுக்கு நடுவால் மிகவும் குட்டையாகி, இல்லாததுபோலவே ஆகிவிடும். பார்வைக்கு இரண்டு வால்தான். இலங்கையின் பேட்டிடே பூச்சிகளைப் பற்றி முல்லர் லீபெனாவ் என்ற ஆய்வாளர் 1980-களில் விரிவாக எழுதினார்; இரண்டு வால் வகைகளும் அவர் எழுதியவற்றில் உண்டு. போதாததற்கு, மூன்று வால் பூச்சியின் ஒரு வால் வலையில் உரசினாலே ஒடிந்துபோகும்.

பார்க்க வேண்டியது கால் நுனியையும் செவுளையும். கல் ஈயின் இளம்பூச்சிக்கு ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகம். மே ஈக்கு ஒன்றே ஒன்று. மே ஈக்குச் செவுள்கள் வயிற்றின் இரண்டு பக்கமும் இலைகள்போல வரிசையாக இருக்கும். பெர்லிடே கல் ஈக்கு அவை நெஞ்சுப் பகுதியில், கால்கள் முளைக்கும் இடத்தருகே, நூல் குஞ்சம்போல அடர்ந்திருக்கும். நடையிலும் வித்தியாசம் உண்டு: பேட்டிடே பூச்சி சின்ன மீன்போல விருட்டென்று நீந்தும், பெர்லிடே இளம்பூச்சி கல்லைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து இரை தேடும். என் தட்டில் இருந்தவை நீந்தின. அதை நான் பார்த்தேன். பார்த்ததை நம்பாமல் படத்தாளை நம்பினேன்.

அது உண்மையிலேயே நியோபெர்லாவாக இருந்திருந்தாலும் நான் இனப்பெயர் எழுதியது தவறுதான். நியோபெர்லாவின் இளம்பூச்சியை மட்டும் வைத்து இனம் சொல்வது பொதுவாக முடியாத காரியம். வளர்ந்த ஆண் பூச்சி வேண்டும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும்போது பிடிக்கலாம். அதன் வயிற்றின் கடைசிக் கண்டங்களில், முக்கியமாக ஏழாவதிலும் பத்தாவதிலும், மேல்புறத்தில் உள்ள சின்னப் புடைப்புகளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் போதாது, உள்ளே மடிந்திருக்கும் ஆணுறுப்பை வெளியே எடுத்து அதன் மேலுள்ள முட்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். பெண் பூச்சி என்றால் வயிற்றுக்குள் இருக்கும் முட்டையின் ஓட்டு வேலைப்பாட்டை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். 2007-இல் தமிழ்நாட்டிலிருந்து நியோபெர்லா பைசீரியேட்டா என்ற புதிய இனத்தை ஸ்விக்கோடு சேர்ந்து விவரித்தவர்கள் அன்பழகன், தினகரன் என்ற இரண்டு தமிழ் ஆய்வாளர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். கூடவே வயிற்றைப் பிசைந்தது. ஓர் இனத்தின் பெயரை உலகத்துக்குச் சொல்ல அவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது, நான் எதைப் பார்த்தேன்!

இனி அந்தப் பெயர் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

ஆற்றின் நிலையைப் பூச்சிகளைக் கொண்டு கணிக்க 1970-களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் ஒரு புள்ளி முறை உருவானது. ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி உண்டு. மாசைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு அதிகம், தாங்கக்கூடியதற்குக் குறைவு. கிடைத்த குடும்பங்களின் புள்ளிகளைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். தாய்லாந்தும் வியட்நாமும் தங்கள் ஆறுகளுக்கு ஏற்றபடி இதை மாற்றிக்கொண்டன. நான் பிரித்தானியப் பட்டியலை அப்படியே எடுத்தேன். பெர்லிடே 10, ஹைட்ரோசைக்கிடே 5, சிமுலிடே 5, பேட்டிடே 4, கைரோனோமிடே 2, மண்புழு இனம் 1. மொத்தம் 27. ஆறு குடும்பம், சராசரி 4.5. நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் வந்ததால், “மிதமான மாசு, உடனடிக் கவலைக்கு இடமில்லை” என்று முடிவுரை எழுதினேன்.

அந்த 10 புள்ளி பொய். இரண்டு வால் பூச்சிகளும் பேட்டிடே. அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே 4 புள்ளி போட்டாகிவிட்டது. பெர்லிடேயை எடுத்துவிட்டால் மொத்தம் 17, குடும்பம் ஐந்து, சராசரி 3.4. நான்குக்குக் கீழே இறங்கினால் கடுமையான மாசு என்று வாசிக்க வேண்டும். ஒரு பூச்சியின் பெயரால் ஓர் ஆறு ஒரு வகுப்பு ஏறியது.

அந்த ஆற்றில்தான் பணியக் கணக்கின், அதாவது கீழ் டிவிசனின், குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்தார்கள். ஊவாவின் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். மேல் கணக்கின் லயங்களில் துணி தோய்த்த தண்ணீரும் கக்கூஸ் குழியின் கசிவும் காணின் வழியே ஓடைக்கு வரும்; அதே ஓடை கீழே இன்னொரு கணக்கின் பீலியாகும். மேலே ஒருவர் கழுவியதைக் கீழே ஒருவர் குடிக்கிற ஏற்பாடு இது. தொட்டியின் வாயை லயங்களுக்கு மேலே, காட்டோரமாக மாற்றித் தரும்படி பணியக் கணக்கு ஆட்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கை பேசப்பட்ட கூட்டத்தில் என் அறிக்கை வாசிக்கப்பட்டது. உடனடிக் கவலைக்கு இடமில்லை என்ற வரி அங்கே ஒலித்தது. வேலை பிற்போடப்பட்டது. அதற்கு என் வரி ஒன்று மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். காசு இல்லை என்ற காரணமும் இருந்தது. ஆனால் மறுப்பதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டபோது அதை எழுதிக் கொடுத்தவள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்த நான்.

கூட்டம் முடிந்து வரும் வழியில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அக்கா கேட்டார்: “தண்ணி நல்லதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களாமே டீச்சர். அப்ப பயமில்லாம புள்ளைங்களுக்குக் குடுக்கலாங்களா?” நான், “கொதிக்க வச்சுக் குடுங்க அக்கா” என்று மட்டும் சொன்னேன். நல்லது என்று நான் எழுதவில்லை என்பதை அவருக்கு விளக்க நேரமிருந்தது. விளக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை இழக்க எனக்கு மனமில்லை.

உண்மை வெளியான விதம் சாதாரணமானது. பிடித்த பூச்சிகளில் பெரும்பகுதியைக் கொட்டியிருந்தேன். சிலவற்றை மட்டும் ஒரு போத்தலில் அற்ககோலில் போட்டு, ‘கல் ஈ’ என்று எழுதி ஒட்டி, வகுப்பு அலுமாரியில் வைத்திருந்தேன். சில வருடம் கழித்து நல்ல நுணுக்குக்காட்டி ஒன்று பயன்படுத்தக் கிடைத்தது. ஆசையோடு முதலில் வைத்துப் பார்த்தது அந்தப் போத்தல் பூச்சியைத்தான். கால் நுனியில் ஒற்றை நகம். வயிற்றோரம் இலைச் செவுள்கள். அடுத்த பூச்சியும் அப்படியே, அதற்கடுத்ததும். பிறகு ஒரு நாள் தனியாக ஆற்றுக்குப் போய் அதே இடத்தில் கல் புரட்டினேன். பெர்லிடே ஒன்றுமே கிடைக்கவில்லை. மேலே ஏறி, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் புரட்டியபோது முதல் தடவையாக உண்மையான பெர்லிடே ஒன்றைப் பார்த்தேன். மஞ்சளும் கபிலமுமான உடம்பு, நெஞ்சடியில் வெள்ளைக் குஞ்சங்கள், அவசரமில்லாத நடை. எவ்வளவு அழகான பிராணி! அது வாழ்ந்த இடம், பணியக் கணக்கு ஆட்கள் தொட்டி வாயை மாற்றச் சொன்ன இடத்துக்குப் பக்கம். அவர்கள் பூச்சி பார்க்காமலே சரியான இடத்தைக் காட்டியிருந்தார்கள்.

அன்றே எழுதியிருக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு வரி போதும். எழுதவில்லை. அடுத்த தவணையில் புதிய வகுப்புக்கு அதே போத்தலைக் காட்டி, “இதுதான் கல் ஈ” என்று படிப்பித்தேன். தெரிந்துகொண்டே படிப்பித்தேன். அந்த வகுப்புப் பிள்ளைகளில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களும் உண்டு. கடைசியில், ஓய்வு பெறுமுன் அலுமாரியைத் துப்புரவாக்கும் சாக்கில், அந்தப் போத்தலை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

என் தவறுகளில் மிகப் பெரியது அந்தப் போத்தலைக் கழுவியதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வகைப்பாட்டு விஞ்ஞானம் பிழைகள் நிறைந்த வேலை. பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக 1850-களில் பூச்சிப் பட்டியல்கள் எழுதிய பிரான்சிஸ் வோக்கர் அவசர அவசரமாகப் பெயர் வைத்ததற்குப் பேர் போனவர். கல் ஈக்களும் அவர் கையில் தப்பவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய பெயர்களைச் சரிபார்த்துத் திருத்தப் பல தலைமுறை உழைத்தார்கள். திருத்த முடிந்தது, ஏனென்றால் அவர் பெயர் வைத்த பூச்சிகள் அருங்காட்சியகத்தில் இருந்தன. ஊசியில் குத்திய ஒரு காய்ந்த பூச்சி அங்கே இருக்கும்வரை, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து, இது தப்பு என்று சொல்லலாம். என் பெயரைச் சரிபார்க்க விரும்பும் ஒருவருக்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பிழையை மட்டும் விட்டுவிட்டு, பிழையைக் காட்டக்கூடிய சாட்சியை அழித்தேன். விஞ்ஞானம் படிப்பித்த ஒருத்தி இதைவிடக் கேவலமாக என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் உண்டு; அதையும் மறைக்கக்கூடாது. என் பூச்சி உண்மையான கல் ஈயாக இருந்திருந்தால்கூட அந்த அறிக்கையைக் குடிநீருக்குச் சான்றாகக் கொடுத்தது பிழை. கல் ஈ இருக்கிறது என்றால் தண்ணீரில் ஒட்சிசன் போதுமான அளவு இருக்கிறது, அழுகும் கழிவு மிகவில்லை என்று அர்த்தம். மலத்திலிருந்து வரும் கிருமிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எங்கள் மலையில் ஆறு கல்லுக்குக் கல் குதித்து இறங்குகிறது. குதிக்கக் குதிக்கக் காற்று கலந்து ஒட்சிசன் ஏறும். ஆனால் மேல் லயத்திலிருந்து கலந்த கிருமி அந்த நுரையில் செத்துப்போவதில்லை. வயிற்றோட்டத்துக்குக் காரணமான கிருமியைக் கல் ஈ பொருட்படுத்தாது. பிள்ளைக்குத்தான் அது நோய். இந்தப் பாடத்தை நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அதைச் சொன்னால் என் அறிக்கைக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை என்றாகிவிடும்.

அந்த அறிக்கையின் பிரதி வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: அட்டவணையின் முதல் வரியை, இனப்பெயரோடு சேர்த்து, அடித்துவிடுங்கள். மொத்தம் 17, சராசரி 3.4, நிலை கடுமையான மாசு என்று எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் அந்தப் போத்தலைப் பார்த்துப் படித்தவர்கள், நீங்கள் பார்த்தது இரண்டு வால் மே ஈ என்று உங்கள் மாணவர்களுக்குத் திருத்திச் சொல்லுங்கள். திருத்தத்தை நான் கையெழுத்திட்டு உரிய இடத்துக்கு இப்போது அனுப்பியிருக்கிறேன். பிந்திப்போன திருத்தம் அது. பிற்போடப்பட்ட வருடங்களை அது திருப்பித் தராது.

இனி ஆற்றில் இறங்கும் ஆசிரியர்களுக்கு: குடும்பத்தின் பெயரோடு நில்லுங்கள். சந்தேகமிருந்தால் கேள்விக்குறி போடுங்கள், வெட்கப்படாதீர்கள். வாலை எண்ணாமல் நகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை அற்ககோலில் போட்டு, இடமும் திகதியும் பென்சிலால் எழுதிய துண்டைப் போத்தலுக்கு உள்ளே வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர் உங்களைத் திருத்தட்டும். தோட்டத்து ஆட்கள் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டால் பூச்சியைக் காட்டிப் பதில் சொல்லாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, அந்தத் தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பச் செய்யுங்கள்.